முதல் முறை திருட்டு வழக்கு: எவ்வளவு நாள் சிறை?

ஒரு அக்கா கேட்டிருக்கிறார். தம்பிக்கு 20 வயது. செல்போன் கடையில் வேலை பார்த்தவன், கடையிலிருந்து 18,000 ரூபாய் போன் ஒன்றை எடுத்து வெளியில் விற்றுவிட்டான். கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. முதலாளி புகார் கொடுத்தார், போனைப் போலீஸ் மீட்டுவிட்டது, தம்பி ஐந்து நாளாக ரிமாண்டில் இருக்கிறான். இதற்கு முன்பு அவன் மேல் ஒரு சின்ன வழக்குகூடக் கிடையாது. '306 போட்டிருக்கிறார்கள், ஏழு வருஷம் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள், அம்மா சாப்பிடுவதே இல்லை. எத்தனை வருஷம் உள்ளே இருக்க வேண்டியிருக்கும்?' என்பது கேள்வி.

முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். ஏழு வருஷம் என்பது சட்டப் புத்தகத்தில் இருக்கிற எண்தான், பொய் இல்லை. ஆனால் அது உச்சவரம்பு. குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் பல வருஷமாக வழக்காடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் தம்பி மாதிரி ஒரு பையனுக்கு உண்மையான சிறைவாசம் பெரும்பாலும் தீர்ப்புக்குப் பிறகு வருவதில்லை. இப்போது அவன் இருக்கிறானே, இந்த ரிமாண்ட் நாட்கள்தான் அது. அதனால் ஏழு வருஷத்தை நினைத்து அழுகிற நேரத்தை ஜாமீனுக்காக ஓடுகிற நேரமாக மாற்றுங்கள்.

பிரிவுகளைக் கொஞ்சம் புரியும்படி சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 379 இப்போது 303. சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 'வரை' என்ற சொல்லை நன்றாகப் பாருங்கள். குறைந்தபட்சம் என்று எதுவும் சொல்லவில்லை. நீதிபதி ஒரு நாள்கூடச் சிறை விதிக்காமல் அபராதத்தோடு விட்டுவிடவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதே பிரிவின் கீழ் இரண்டாவது முறை தண்டிக்கப்பட்டால் கதை வேறு. அப்போது ஒரு வருஷம் குறையாமல், ஐந்து வருஷம் வரை கடுங்காவல். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவே சட்டம் இப்படி ஒரு சுவரையே எழுப்பியிருக்கிறது. இதைப் பிறகு மறுபடி சொல்வேன், முக்கியமானது.

வீட்டுக்குள்ளோ, பொருள் வைக்கும் கட்டடத்துக்குள்ளோ திருடினால் 305. கோயில் சிலை, அரசுச் சொத்து, பயணிகளையோ சரக்கையோ ஏற்றும் வாகனம் இவையும் அதில்தான் வரும். வேலைக்காரர் முதலாளியின் பொருளை எடுத்தால் 306. இந்த இரண்டிலும் ஏழு வருஷம் வரை சிறையும் அபராதமும். நம்பி உள்ளே விட்டவரின் பொருளை எடுத்தது என்பதால்தான் 306-ல் கூடுதல் தண்டனை. சங்கிலிப் பறிப்புக்கு 304 என்று தனிப் பிரிவே புதிதாக வந்திருக்கிறது, மூன்று வருஷம் வரை. கத்தியைக் காட்டியோ அடித்தோ பிடுங்கினால் அது திருட்டே இல்லை, கொள்ளை, பத்து வருஷம் வரை போகும். உங்கள் தம்பி விஷயத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

'முதல் தடவை, சின்னத் தொகை என்றால் சமூக சேவைதானாமே' என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். பாதி சரி. 303-ல்தான் அந்தச் சலுகை இருக்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருக்க வேண்டும், முதல் முறை தண்டிக்கப்படுபவராக இருக்க வேண்டும், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் தண்டனை சமூக சேவைதான், சிறை கிடையாது. அந்த அளவிலான திருட்டு ஜாமீனில் விடக்கூடிய குற்றம், வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யவும் முடியாது. ஆனால் இந்தச் சலுகை 305-லும் 306-லும் எழுதப்படவில்லை. வீட்டு வேலைக்குப் போன பெண் 2,000 ரூபாயை எடுத்தாலும் 306 போட்டுவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஏழைகள் செய்யும் சின்னத் திருட்டுகள் பலவும் வேலை பார்க்கும் இடத்தில்தான் நடக்கின்றன. உங்கள் தம்பிக்கு எப்படியும் தொகை 5,000-ஐத் தாண்டிவிட்டது, அதனால் இந்தப் பக்கம் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அவனுக்கு உண்மையிலேயே உதவும் விஷயம் வேறொன்று, அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 283-வது பிரிவு, சுருக்க விசாரணை பற்றியது, அதாவது சின்ன வழக்குகளை நீண்ட நடைமுறை இல்லாமல் சீக்கிரம் முடிப்பது. 303, 305, 306 எதுவானாலும், திருடிய பொருளின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டவில்லை என்றால் வழக்கைச் சுருக்க முறையில் விசாரிக்க வேண்டும். பழைய சட்டத்தில் இந்த வரம்பு வெறும் 2,000 ரூபாய். அந்த முறையில் நடக்கும் வழக்கில் மூன்று மாதத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாது என்று 285-வது பிரிவு சொல்கிறது. போன் 18,000 ரூபாய் என்கிறீர்கள். அப்படியானால் ஏழு வருஷம் என்று பயமுறுத்திய வழக்கு, சட்டப்படியே மூன்று மாத வழக்காகச் சுருங்குகிறது. வழக்கின் தன்மை அதற்கு ஒத்துவராது என்று நடுவர் நினைத்தால் வழக்கமான விசாரணைக்கு மாற்றலாம். அப்போதும் முதல் வகுப்பு நடுவரின் அதிகாரம் மூன்று வருஷத்தோடு முடிந்துவிடும்.

ஆகவே போனின் மதிப்பு எவ்வளவு என்று எப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறது என்பதை இன்றைக்கே பாருங்கள். கடைக்காரர் விலைப்பட்டியல் விலையான 21,000-ஐச் சொல்லியிருந்தால், கொள்முதல் பில்லைக் காட்டச் சொல்லி வக்கீல் கேட்க வேண்டும். மூவாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் தண்டனையின் உச்சவரம்பே மாறுகிறது.

சரி, இப்போது ஜாமீனுக்கு வருவோம். 306 ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றுதான் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அதற்கு அர்த்தம் ஜாமீனே கிடைக்காது என்பதல்ல. காவல் நிலையத்திலேயே உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது, நீதிமன்றம்தான் முடிவு செய்யும் என்பதுதான். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னது. கைது தேவையில்லாத இடத்தில் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு வரச் சொல்ல வேண்டும், கைது செய்தால் ஏன் என்று காரணம் எழுத வேண்டும். 2022-ல் சதேந்தர் குமார் ஆன்டில் தீர்ப்பு அதை இன்னும் இறுக்கியது. உங்கள் தம்பி விஷயத்தில் நோட்டீஸ் கொடுத்தார்களா, கைதுக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று வக்கீல் ரிமாண்ட் ரிப்போர்ட்டைப் பார்க்கட்டும். காரணம் சரியாக இல்லாவிட்டால் ஜாமீன் மனுவில் அதுவே முதல் வாதம். பொருள் மீட்கப்பட்டுவிட்டது, கேமரா பதிவு போலீஸ் கையில் இருக்கிறது, கலைக்கச் சாட்சி ஒன்றும் பாக்கி இல்லை, நிலையான முகவரி இருக்கிறது, முன் வழக்கு இல்லை. இப்படிப்பட்ட மனுவில் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் ஜாமீன் கிடைப்பதுதான் வழக்கம். நடுவர் மறுத்தால் செஷன்ஸ் நீதிமன்றம் போகலாம்.

ஜாமீன் உத்தரவு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சில வருஷம் முன்பு என்னிடம் ஒரு வழக்கு வந்தது. பையனுக்கு 19 வயது, கட்டடம் கட்டுகிற இடத்திலிருந்து செம்புக் கம்பி எடுத்துவிட்டான். எட்டாவது நாளே ஜாமீன் உத்தரவு கையில் வந்துவிட்டது. அவன் வெளியே வந்தது இருபத்தோராவது நாள். நடுவில் இருந்த பதின்மூன்று நாளும் ஒரு வீட்டு வரி ரசீதுக்காகப் போனது. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. பெரியப்பா வந்தார், வேட்டி மடிப்பில் ரசீதைச் சுருட்டிக் கொண்டு. அதில் இருந்த பெயர் அவருடைய அப்பாவுடையது. அந்த மனிதர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, பெயர் மாற்றவே இல்லை. ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நீதிமன்ற வராந்தாவில் அந்தத் தாளை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அதனால் இப்போதே, ஜாமீன் உத்தரவு வருவதற்கு முன்பே, யார் ஜாமீன் போடப் போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, அவர் பெயரிலேயே உள்ள வரி ரசீது, புகைப்படம் இவற்றைத் தயாராக வையுங்கள். சொத்துள்ள ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப் போடலாம். ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. வக்கீலுக்குக் கட்டப் பணம் இல்லை என்றாலும் அந்த ஆணைக்குழுதான். காவலில் இருக்கிற எவரும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லாமல் இலவச வக்கீல் கேட்கலாம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலே வழி சொல்வார்கள்.

வெளியே வந்த பிறகு, தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை இருந்தால் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. காய்ச்சல் என்றாலும் போய்விட்டு வந்து படுக்கட்டும்.

ஏதோ காரணத்தால் ஜாமீன் இழுத்தடித்தாலும் அதற்கும் எல்லைகள் உண்டு. 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடும். பத்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள பெரிய குற்றங்களுக்குத்தான் அது 90 நாள். அப்புறம் அதே நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி, உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் நீதிமன்றம் அவரைப் பிணையில் விட வேண்டும். மற்றவர்களுக்கு அது பாதி. ஆனால் ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை போய்விடும். தம்பி பெயர் வேறு எந்த வழக்கிலாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா, பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்காக நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் உத்தரவு) ஏதாவது வந்திருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருட்டுப் புகாரில் 'சும்மா விசாரணைக்கு' என்று ஒருவரை அழைத்துப் போனால், சின்ன விஷயம் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நகை காணாமல் போன புகாருக்காக விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி போலீஸ் காவலிலேயே உயிரிழந்தார். எங்கே வைத்திருக்கிறார்கள், எப்.ஐ.ஆர். போட்டார்களா, புகாரை வாங்கியதற்கான மனு ரசீதோடு மட்டும் நிற்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது, அதன் மூலம் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தக் கண்டெடுப்பு தொடர்பான பகுதி மட்டும் நிற்கும்.

இனி வழக்கை எப்படி முடிப்பது என்பது. இங்கேதான் நிறையக் குடும்பங்கள் அவசரப்பட்டு வழுக்குகின்றன. நீதிமன்ற வளாகத்தில் யாராவது வந்து சொல்வார்கள்: 'குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல்லுங்க, உள்ளே இருந்த நாளையே தண்டனையாப் போட்டு விட்டுடுவாங்க, இன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்.' நடக்கவும் நடக்கும். ரிமாண்டில் இருந்த நாட்களைத் தண்டனையில் கழிப்பது சட்டப்படியே சரி. அன்று சாயங்காலம் பையன் வீட்டில் இருப்பான், அம்மா சோறு போடுவார். ஆனால் அவன் பெயரில் ஒரு தண்டனை விழுந்துவிட்டது. 303-ல் அப்படி விழுந்தால், நாளைக்கு மறுபடி 303-லேயே தண்டிக்கப்பட்டால் அந்த ஒரு வருஷக் குறைந்தபட்சம் காத்திருக்கும் என்று சொன்னேனே, அது இதுதான். வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பிலும் பாஸ்போர்ட்டிலும் இது நிழல் மாதிரி கூடவே வரும். 20 வயசுப் பையனுக்கு ஒரு சாயங்காலத்துக்காக இவ்வளவு விலை கொடுக்க வேண்டாம்.

முதல் வழி சமரசம். 303 திருட்டைப் பொருளின் சொந்தக்காரர் சமரசம் செய்துகொள்ளலாம். 306-க்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். 305 சமரசம் செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலிலேயே இல்லை. உங்களுக்கு 306 என்பது இந்த ஒரு விஷயத்தில் நல்லதாகப் போயிற்று. சமரசம் ஆனால் அது விடுதலைக்குச் சமம், தண்டனை என்ற பேச்சே இல்லை. முதலாளியிடம் போய்ப் பேசுங்கள். நீங்களும் அம்மாவும் போங்கள், ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள், சத்தம் போடுகிற மாமாக்கள் வேண்டாம். நம்பி வேலைக்கு வைத்த பையன் கை வைத்துவிட்டான் என்ற வருத்தம் அவருக்கு இருக்கும், அது நியாயமான வருத்தம். முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் ஏதாவது கொடுப்பதாக இருந்தால் வக்கீல் வழியாக, எழுத்தில். பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாலே வழக்கு தானாக முடிந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். முடியாது. எடுத்த நிமிஷத்திலேயே குற்றம் முழுமையாகிவிடுகிறது. 'இரண்டு நாளில் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன்' என்பதும் நிற்காது. 1952-ல் ஜோத்பூர் விமானப்படைப் பயிற்சிப் பள்ளியின் விமானத்தை எடுத்துக்கொண்டு பறந்த வழக்கில், தற்காலிகமாக எடுப்பதும் திருட்டுதான் என்று உச்ச நீதிமன்றம் 1957-லேயே சொல்லிவிட்டது.

முதலாளி மசியவில்லை என்றால் இரண்டாவது வழி, நான் மனதார நம்புகிற வழி: குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958. குற்றம் நிரூபணம் ஆனாலும், முன் தண்டனை இல்லாதவரைச் சிறைக்கு அனுப்பாமல் கண்டித்து மட்டும் விட்டுவிட 3-வது பிரிவு அனுமதிக்கிறது. பழைய 379, 380, 381 மூன்றையும் அந்தப் பிரிவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, 381-தான் இன்றைய 306. முதல் முறை திருடியவர்களை மனதில் வைத்தே எழுதிய சட்டம் என்று இதைப் பார்த்தாலே தெரியும். 4-வது பிரிவு, ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, மூன்று வருஷத்துக்கு மிகாத நன்னடத்தைப் பிணையில் விடுவது. 6-வது பிரிவுதான் உங்கள் தம்பிக்குக் கவசம். 21 வயது நிரம்பாதவரை, நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பரிசீலிக்காமல், காரணத்தை எழுதி வைக்காமல் சிறைக்கு அனுப்பக் கூடாது.

அந்த அறிக்கை எப்படித் தயாராகிறது என்று நேரில் பார்த்திருக்கிறேன். செம்புக் கம்பிப் பையனின் வழக்கில் அலுவலர் அவன் தெருவுக்கே வந்தார். வீட்டைப் பார்த்தார், பள்ளிக்கூடத்தில் விசாரித்தார், கடைசியாக முக்கு மளிகைக் கடையில் நின்றார். கடைக்காரர் கடன் நோட்டைப் பிரித்துக் காட்டினார். 'இவங்க வீட்டுக்குப் பற்று இருக்குங்க. ஆனா சம்பளம் வந்த அன்னைக்கே பையன்தான் வந்து கட்டுவான், ஒரு மாசமும் சொல்லி அனுப்பினதில்ல.' அறிக்கையில் அந்த விவரம் இருந்தது. நடுவர் அதை இரண்டு தடவை படித்தார். ஒரு வருஷ நன்னடத்தைப் பிணையில் விட்டார். அந்தப் பையன் இப்போது சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறான்.

இந்தச் சட்டத்தில் விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்று 12-வது பிரிவு சொல்கிறது. அதற்காகக் குற்றத் தீர்ப்பே அழிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பின்னாளில் வேலை விண்ணப்பத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும், மறைத்தால் அந்த மறைப்பே வேலையைப் பறித்துவிடும்.

மூன்றாவதாக, குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டனையைப் பேரம் பேசித் தீர்க்கும் வழி ஒன்று உண்டு. நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்த 30 நாளுக்குள் மனுக் கொடுத்தால், முதல் முறை குற்றவாளிக்குத் தண்டனையை உச்சத் தண்டனையில் ஆறில் ஒரு பங்காகக் குறைக்கலாம். ஏழு வருஷத்தில் அது 14 மாதம். சுருக்க விசாரணையும் நன்னடத்தைச் சட்டமும் கையில் இருக்கும்போது உங்களுக்கு இது தேவைப்படாது.

தம்பிக்கு 18 நிரம்பாமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சு எதுவும் வந்திருக்காது, இளைஞர் நீதிக் குழுமம் பார்த்துக்கொள்ளும், சிறை என்பதே இல்லை. யாருக்காவது வயதில் சந்தேகம் இருந்தால் அதை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம்.

வயது என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 6-வது பிரிவுக்குக் குற்றம் நடந்த அன்றைய வயதைப் பார்ப்பதில்லை. விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு என்று 1963-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தம்பிக்கு இப்போது 20. வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக வழக்கு இழுத்து 21 தாண்டிவிட்டால், 3-வது, 4-வது பிரிவுகள் அப்போதும் இருக்கும், ஆனால் அந்தக் கவசம் போய்விடும். நம் பக்கத்திலிருந்து ஒரு வாய்தாகூடக் கேட்க வேண்டாம் என்று வக்கீலிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அவனுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டு நகல் போட்டு, நாளைக் காலையில் வக்கீலின் வழக்குக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.